தாய் ஒரு பக்கம், தகப்பன் ஒரு பக்கம்: வேட்பாளரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

2024 ஜூலையில் ஜோ பைடன் ஒதுங்கிக்கொள்ள, கமலா ஹாரிஸ் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் இறங்கினார். தமிழ்ப் பத்திரிகைகள் அவரைத் தமிழ் வம்சாவளிப் பெண் என்று எழுதின. அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அவர் கறுப்பினப் பெண். அந்த மாதம் 31ஆம் திகதி சிகாகோவில், கறுப்பினப் பத்திரிகையாளர்களின் மாநாட்டு மேடையில் டொனால்ட் ட்ரம்ப், இவ்வளவு காலமும் இந்தியராக இருந்தவர் இப்போது திடீரென்று கறுப்பினத்தவராகிவிட்டார் என்ற பொருளில் பேசினார். வாசித்தவர்கள் பலருக்குக் குழப்பம். ஒரே ஆள் எப்படி இரண்டாக இருக்கலாம்? இதில் எது சரி?

இந்தக் கேள்வி இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிக்குப் புதிதல்ல. வேட்புமனுப் பட்டியல் வெளிவந்த அன்றே, "தகப்பன் நெடுங்கேணி, தாய் ஹற்றன் பக்கமாம்", "தாய் தமிழ், தகப்பன் சோனகராம்" என்று கதை தொடங்கிவிடும். அடுத்த கேள்வியும் உடனே வரும்: அப்படியென்றால் அவர் ஆருடைய பிரதிநிதி? இதற்கு விடை காண, ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும் சில விடயங்களை முதலில் பிரித்தெடுக்க வேண்டும்.

## பிரித்துப் பார்க்க வேண்டிய நான்கு

1. பூர்வீகம். தாயும் தகப்பனும் அவர்களைப் பெற்றவர்களும் எந்தச் சமூகத்திலிருந்து வந்தார்கள் என்பது. இது நடந்து முடிந்த விடயம், மாற்ற முடியாது. ஒருவருக்கு இரண்டு பூர்வீகம் இருக்கலாம், நான்கும் இருக்கலாம்.

2. பதிவு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் குடிசன மதிப்பீட்டிலும் அரசாங்கம் எழுதி வைத்திருப்பது. படிவத்தில் எத்தனை கட்டம் இருக்கிறதோ அத்தனை விடைதான் அதில் சாத்தியம்.

3. தன்னடையாளம். அவர் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறார் என்பது. இது காலத்தோடு மாறலாம். இடத்துக்கு இடம் அழுத்தமும் மாறலாம்.

4. சமூக ஏற்பு. ஒரு சமூகம் அவரைத் தன் ஆளாக எடுத்துக்கொள்கிறதா என்பது. கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் சொல்லி அனுப்புகிறார்களா, கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்தில் இடம் தருகிறார்களா என்பதில் இது தெரியும்.

ஒரே சமூகத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இந்த நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவதால், நான்கு இருப்பதே யாருக்கும் தெரியாது. கலப்புப் பூர்வீகம் கொண்டவரிடத்தில்தான் அவை பிரிந்து நிற்கும். வாக்குவாதங்களில் பெரும்பாலும் நடப்பது, ஒருவர் முதலாவதைப் பற்றிப் பேச மற்றவர் நான்காவதைப் பற்றிப் பதில் சொல்வதுதான்.

ஹாரிஸை இப்படிப் பார்த்தால் சிக்கல் அவிழும். தாய் ஷியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். குடும்பத்தின் வேர் மன்னார்குடிக்குக் கிட்ட உள்ள துளசேந்திரபுரம். தகப்பன் டொனால்ட் ஹாரிஸ் ஜமேக்காவில் பிறந்த பொருளியல் பேராசிரியர். அது பூர்வீகம். தன்னைக் கறுப்பினத்தவர் என்றும் தெற்காசியர் என்றும் இரண்டாகவே அவர் சொல்லி வந்திருக்கிறார். கறுப்பின மக்களின் கல்விப் பாரம்பரியத்தில் முன்னணியில் நிற்கும் ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் படித்தார். 2017இல் செனற் சபைக்குள் போனபோது, அங்கு அமர்ந்த முதலாவது தெற்காசிய வம்சாவளியினரும் இரண்டாவது கறுப்பினப் பெண்ணும் அவரே. ஆகவே இரண்டு பத்திரிகைகளும் எழுதியது சரி. ட்ரம்ப் பேச்சின் பிழை, இது அல்லது அது என்று ஒன்றைத்தான் தெரிய வேண்டும் என எடுத்துக்கொண்டதில் இருக்கிறது.

## அமெரிக்காவில் அந்தக் கட்டம் எப்படி வந்தது

தாய் வழியும் சம அளவு இருக்க, அமெரிக்கா ஏன் அவரைக் கறுப்பினத்தவர் என்று முதலில் பார்க்கிறது? இதன் பின்னால் அடிமை முறையின் கணக்கு இருக்கிறது. கறுப்பினத்தவரின் இரத்தம் ஒரு துளி இருந்தாலும் அந்த ஆள் கறுப்பினத்தவரே என்ற விதி தெற்கு மாநிலங்களில் சட்டமாகவே இருந்தது. வர்ஜீனியாவின் 1924 சட்டம் இதற்குப் பேர்போனது. 1930 குடிசன மதிப்பீட்டில், கலப்பு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கறுப்பினத்தவர் என்றே எழுத வேண்டும் என்று கணக்கெடுப்பவர்களுக்கு அறிவுறுத்தல் போனது. இனக் கலப்புத் திருமணத்தைத் தடுக்கும் சட்டங்களை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முற்றாகத் தூக்கி எறிந்தது 1967இல்தான். ஹாரிஸ் பிறந்தது 1964.

இந்தியர்களுக்கான கட்டம் இதைவிட வேடிக்கை. 1920 முதல் 1940 வரையான கணக்கெடுப்புகளில் அவர்கள் 'இந்து' என்ற இனம். முஸ்லிமும் சீக்கியரும் அதற்குள்தான். 1970இல் வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1980இல் ஆசிய இந்தியர் என்று தனிக் கட்டம் வந்தது. ஆட்கள் மாறவில்லை, படிவம் மாறியது.

ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம் என்று அமெரிக்கப் படிவம் இடம் கொடுத்தது 2000இல். 2010இல் அப்படிக் குறித்தவர்கள் 2.9 சதவீதம். 2020இல் 10.2 சதவீதம், அதாவது சுமார் 3 கோடி 38 இலட்சம் பேர். பத்து வருடத்தில் இவ்வளவு கலப்பு நடந்துவிட்டது என்று இதை வாசித்தால் பிழை. விடைகளைப் பதிந்து வகைப்படுத்தும் முறையை மாற்றியதும் இந்தப் பாய்ச்சலுக்கு ஒரு முக்கிய காரணம். இன்னொன்று: தாய் வெள்ளையராக இருந்த பராக் ஒபாமா, 2010 படிவத்தில் இரண்டு கட்டத்தை நிரப்ப வசதி இருந்தும் 'கறுப்பினத்தவர்' என்ற ஒன்றையே தெரிந்தார். பதிவும் பூர்வீகமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

## நம்முடைய பத்திரங்கள் தகப்பனைத் தேடும்

இலங்கையில் கதை வேறு. இங்கே ஒரு துளி விதி இல்லை. அதற்குப் பதிலாகத் தகப்பன் வழி விதி பல இடங்களில் ஒளிந்திருக்கிறது.

வீட்டில் இருக்கும் பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் இனம் என்ன என்று அதில் கட்டமே இல்லை. தகப்பனின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், இனம் என்று ஒரு கூடு. தாய்க்கும் அதே மாதிரி ஒன்று. அடுத்து, பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கேள்வி. அதற்குக் கீழே பாட்டனின் பெயரும் அவர் பிறந்த ஆண்டும் இடமும். தகப்பன் இலங்கையில் பிறக்காவிட்டால் பூட்டனின், அதாவது பாட்டனின் தகப்பனின், விபரம். பாட்டிக்கு இடமில்லை.

பாட்டனும் பூட்டனும் எதற்கு? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு சேர்த்து வாசித்தால் விளங்கும். அந்தச் சட்டப்படி பரம்பரைப் பிரஜை என்று நிறுவ, தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் வழி எத்தனை தலைமுறை இந்த மண்ணில் இருந்தாலும் எடுபடவில்லை. தாய் மூலமும் பிரஜாவுரிமை கடத்தப்படலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது 2003இல்தான். ஐம்பத்தைந்து வருடம் பிந்தி.

தகப்பன் வழிச் சிந்தனை இதோடு நிற்கவில்லை:

1. பறங்கியர் என்ற வகையே கலப்பில் பிறந்தது. ஆண் மூதாதை ஐரோப்பியராக இருந்து, பெற்றோர் முறைப்படி மணம் செய்திருந்தால், தாய் யாராக இருந்தாலும் பிள்ளைகள் பறங்கியர் என்பதே பிரித்தானியர் காலத்துப் பிரதம நீதியரசர் ஒட்லி கொடுத்த விளக்கம். தாய் ஐரோப்பியராகவும் தகப்பன் தமிழராகவும் இருந்தால் பிள்ளைக்கு இந்தக் கட்டம் கிடையாது.

2. தேசவழமை, அதாவது வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆணை மணந்தால் விவாகம் நிலைக்கும் வரை அவளுக்குத் தேசவழமை இல்லை. மறுபக்கம், வெளியிலிருந்து வந்த பெண் தேசவழமைக்கு உட்பட்டவரை மணந்தால் அவளுக்கு அது பொருந்தும். இரண்டிலும் புருஷனின் சட்டமே மனைவிக்கு.

3. தமிழ், முஸ்லிம் திருமணம். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இரண்டு பேரும் முஸ்லிமாக இருந்தால் மட்டுமே செல்லும். ஆகவே ஒருவர் மதம் மாற வேண்டும், அல்லது பொதுச் சட்டத்தில் பதிய வேண்டும். மதம் மாறிய தாயின் இனத்தைப் பிள்ளையின் பத்திரத்தில் என்னவென்று எழுதுவது என்பது, பதியப் போனவர் சொன்னதைப் பொறுத்தது.

வன்னியில் இதற்கு மேல் யுத்தமும் சேர்கிறது. இடம்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்தவை ஏராளம். மூன்று மாதத்துக்குள் பதியாத பிறப்பு காலங்கடந்த பதிவாகப் போகும். அதுவும் முடியாதவர்கள் உத்தேச வயதுப் பத்திரத்தோடு நிற்கிறார்கள். பெற்றோரின் கல்யாணம் பதியப்படாமல், தகப்பனும் வந்து ஒப்புக்கொள்ளாமல் இருந்தால், தகப்பனின் கூடு வெறுமையாகவே இருக்கும். பத்திரத்தைக் காட்டி ஒருவரின் பூர்வீகத்தை நிறுவவோ மறுக்கவோ முயல்பவர்கள், அந்தப் பத்திரம் எந்த நிலையில் எழுதப்பட்டது என்று பார்ப்பது நல்லது.

குடிசன மதிப்பீடு வேறு வகை. அங்கே அத்தாட்சி கேட்பதில்லை, சொன்னதை எழுதுவார்கள். சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், இலங்கைச் சோனகர், பறங்கியர், மலாயர், செட்டி, பரதர் என்று வகைகள் உண்டு. ஒருவருக்கு ஒன்றுதான். கலப்பு என்று எழுத இடமில்லை. வீட்டில் பதில் சொல்பவர் பாட்டனாரோ தகப்பனோ என்றால் பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

## வன்னியில் கண்ணில் படாத கலப்பு

கலப்பு என்றதும் தமிழ், முஸ்லிம் அல்லது தமிழ், சிங்களம் என்றே பலர் நினைப்பார்கள். வன்னியின் அரசியலைப் புரிந்துகொள்ள அதைவிட முக்கியமானது, வன்னிக் குடும்பங்களும் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களும் கலந்தது.

1958, 1977 வன்செயல்களும், 1970களின் தோட்டப் பஞ்சமும் ஆயிரக்கணக்கானோரை வடக்குக்குத் தள்ளின. வவுனியாவைச் சுற்றிய குடியேற்றங்களில் காந்தியம் அமைப்பு பெரிய பங்கு வகித்தது. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களும், முல்லைத்தீவின் தெற்கெல்லையில் டொலர், கென்ற் பண்ணைகளும் இந்த வரலாற்றைச் சுமந்தவை. வந்தவர்களின் பிள்ளைகள் இங்கே படித்து, இங்கே மணம் முடித்து, இங்கேயே யுத்தத்தையும் அனுபவித்தார்கள்.

பதிவில் அவர்கள் எங்கே? மலையகத்தவரை அரசாங்கம் எழுதி வந்த பெயர் இந்தியத் தமிழர். நாடு முழுவதும் இந்தியத் தமிழர் தொகை 1971இல் 1,174,606. 1981இல் 818,656. 2012இல் 839,504. நாட்டின் மொத்தச் சனத்தொகை ஏற, இது இறங்கியிருக்கிறது அல்லது நின்ற இடத்தில் நிற்கிறது. ஒரு பங்கு, இலங்கை இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்தின் கீழ் அங்கே அனுப்பப்பட்டவர்கள். இன்னொரு பங்கு தங்களை இலங்கைத் தமிழர் என்று பதியத் தொடங்கியவர்கள். வன்னியில் இந்த இரண்டாவது மிக வெளிப்படை: 1981இல் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கணிசமாகத் தெரிந்த இந்தியத் தமிழர் பங்கு, 2012இல் மிகச் சிறிதாகச் சுருங்கிவிட்டது. ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். 2024 கணக்கெடுப்பில் அந்த வகையின் பெயரோடு மலையகத் தமிழர் என்பதும் சேர்க்கப்பட்டது, ஆனால் ஒரு வீட்டுக்குள் இரண்டு பூர்வீகம் இருப்பதை அதுவும் காட்டாது.

இதற்கு விளைவு உண்டு. கணக்கில் இல்லாத மக்களுக்குப் பட்டியலில் இடம் கேட்க முடியாது. "எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்ற முதல் கேள்வியிலேயே வாய் அடைபட்டுவிடும். காணி அனுமதிப்பத்திரம் இல்லாமல் பல வருடம் கூலிக்கும் குத்தகைக்கும் கமம் செய்தவர்களின் பிரச்சினை, பொதுவான வன்னித் தமிழர் பிரச்சினை என்ற பெரிய மூட்டைக்குள் போய்விடுகிறது. மறுபுறம், இந்தியத் தமிழர் என்று பதிந்தால் ஏளனம் வரும் என்ற பயமும் பொய்யல்ல. 1949இல் வாக்குரிமை பறிக்கப்பட்டு, 1988, 2003 சட்டங்கள் வரை படிப்படியாகப் பிரஜாவுரிமைக்குக் காத்திருந்த குடும்பத்தின் பேரப்பிள்ளை இன்று வேட்புமனுவில் கையெழுத்து வைக்கிறார் என்றால், அவர் தாய் வழியைப் பேசலாமா மறைக்கலாமா என்று யோசிப்பதில் ஆச்சரியம் இல்லை.

தமிழ், முஸ்லிம் கலப்பில் சுமை வேறு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டதும், 2009க்குப் பின் திரும்பி வந்தவர்களின் மன்னார் முசலி, முல்லைத்தீவுக் காணிகள் பற்றிய இழுபறியும் இன்னும் ஆறவில்லை. இரு பக்கமும் உறவுள்ள வேட்பாளரிடம் இரு பக்கமும் முதலில் கேட்பது 1990 பற்றித்தான். ஒரு மேடையில் ஒன்றும் மற்ற மேடையில் இன்னொன்றும் சொன்னால் கைத்தொலைபேசிக் காணொளி இரண்டையும் ஒட்டிவிடும்.

## வாக்குச்சீட்டில் பெயரும் இல்லை, இனமும் இல்லை

பாராளுமன்றத் தேர்தல் வேட்புமனு இனம் என்னவென்று கேட்பதில்லை. தேசிய அடையாள அட்டையிலும் அது இல்லை. மாவட்டத்தில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. கேட்பது பிரஜாவுரிமையைத்தான். இரட்டைப் பிரஜைக்கு இடமில்லை என்ற தடை 2015இல் வந்து, 2020இல் நீங்கி, 2022இல் திரும்பி வந்தது. புலம்பெயர்ந்த நாட்டில் பிறந்த வன்னிப் பிள்ளைக்கு இனத்தைவிட இதுவே பெரிய தடை.

வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரும் சின்னமும், கீழே விருப்பு வாக்குக்கான இலக்கங்களும் மட்டும். வேட்பாளரின் பெயர்கூட இல்லை. ஆகவே அடையாளம் முழுவதும் சுவரொட்டியிலும் வாய்ப்பேச்சிலும்தான் கட்டப்படுகிறது.

இனிக் கணக்கு. வன்னி தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி வன்னி மண்தான், ஆனால் வாக்கு யாழ்ப்பாண மாவட்டத்துக்குப் போகும். வன்னிக்கு 6 ஆசனம், பட்டியலில் 9 பேர். ஆசனம் பிரிக்கும் முறை இது:

1. செல்லுபடியான வாக்கில் 5 சதவீதத்துக்குக் குறைவாக எடுத்த பட்டியல்கள் கழிக்கப்படும்.
2. அதிக வாக்கு எடுத்த பட்டியலுக்கு ஒரு போனஸ் ஆசனம்.
3. மிஞ்சிய வாக்கு, ஆசனத் தொகையில் ஒன்றைக் கழித்த எண்ணால், அதாவது 5ஆல் வகுக்கப்படும். ஒரு முழு ஈவுக்கு ஓர் ஆசனம்.
4. மீதி ஆசனங்கள் பெரிய மிச்சம் வைத்திருப்பவருக்கு.

கற்பனை எண்களில் போட்டுப் பார்ப்போம். செல்லுபடி வாக்கு 200,000. பத்தாயிரத்துக்குக் குறைந்த பட்டியல்கள் எல்லாமாக 45,000 என்று கழிகிறது. மிஞ்சுவது 155,000, ஈவு 31,000. ஆறு பட்டியல்கள்: 40,000, 33,000, 30,000, 22,000, 17,000, 13,000. முதலாவதுக்கு போனஸ் ஒன்று, ஈவில் ஒன்று. இரண்டாவதுக்கு ஒன்று. மிச்சத்தில் 30,000, 22,000, 17,000 ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. 13,000க்கு ஒன்றுமில்லை. 2024 நவம்பரில் உண்மையாகவே வன்னி இப்படித்தான் பிரிந்தது: தேசிய மக்கள் சக்திக்கு 2, ஐக்கிய மக்கள் சக்தி, இலங்கைத் தமிழரசுக் கட்சி, ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி, இலங்கை தொழிலாளர் கட்சி ஆகியவற்றுக்கு 1 வீதம்.

கலப்புப் பூர்வீக வேட்பாளரின் விலை இந்தக் கணக்கில்தான் தீர்மானிக்கப்படுகிறது. உதாரணத்தில் 17,000 வாக்கு, அதாவது எட்டரை சதவீதம், ஓர் ஆசனத்துக்குப் போதுமாக இருந்தது. ஒரு சிறு பட்டியல் ஒரு சமூகத்தை மட்டும் இறுக்கிப் பிடித்தாலே வெல்லும். அதற்கு இரண்டு பக்கமும் கால் வைத்த ஆள் தேவையில்லை, சொந்த ஆட்களைச் சந்தேகப்பட வைக்கும் ஆபத்தாகக்கூட அவர் தெரிவார். போனஸைக் குறிவைக்கும் பெரிய பட்டியலுக்கு மறுதலை. மூன்று நிர்வாக மாவட்டத்திலும் எல்லாச் சமூகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால்தான் முதலிடம் வரும். ஆகவே அப்படியானவரைத் தேடிப் பிடித்துப் போடுவது பெரும்பாலும் பெரிய பட்டியல்கள். கொள்கை வேறுபாட்டைவிட வகுத்தல் கணக்கே இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு.

அடுத்தது பட்டியலுக்குள் நடக்கும் போட்டி. வாக்காளர் ஒரு கட்சிக்குப் புள்ளடி இட்டு, அதே கட்சியின் 3 பேர் வரை விருப்பு வாக்கு இடலாம். மூன்றுக்கும் சம மதிப்பு, முதலாவது இரண்டாவது என்ற வரிசை இல்லை. நான்கு இலக்கம் குறித்தால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் போய்விடும். இதில் இரண்டு பின்விளைவு:

1. மற்றக் கட்சிக்குப் போட்டவர் உங்களை விரும்பினாலும் பயனில்லை. தாய் வழி உறவுகள் வேறு கட்சிக்கு நின்றால் அந்த இரத்த உறவு ஒரு வாக்கும் தராது.

2. ஒரு பக்கத்தில் மூன்றாவது தெரிவாக வந்தாலே போதும். 22,000 வாக்கு எடுத்த பட்டியலில் ஓர் ஆசனம். ஓர் ஊர்ப் பக்கத்தை முழுதாக வைத்திருப்பவர் 7,500 விருப்பு வாக்கு எடுக்கிறார். கலப்புப் பூர்வீக வேட்பாளர் தகப்பன் பக்கம் 4,000, தாய் பக்கம் 4,200, மொத்தம் 8,200 என்று அவரைத் தாண்டுகிறார். "அவர் எங்கட ஆள் இல்லை" என்ற கதை இரு பக்கமும் 500 வாக்கைத் தின்றால் 7,200. தோல்வி.

அந்தக் கதையைப் பரப்புவதில் ஆருக்கு இலாபம் என்று யோசித்தால், எதிர்க்கட்சிக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. விருப்பு வாக்குப் போட்டி சொந்தப் பட்டியலின் மற்ற எட்டுப் பேரோடுதான். பூர்வீகத்தைக் கிளறும் கதைகள் பிரசாரத்தின் கடைசி வாரத்தில் வெளியே வரும்போது, அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தேட வேண்டிய முதல் இடம் அதே கட்சி அலுவலகம்.

## சட்டமே இனத்தைக் கேட்டால்

இங்கேயும் ஒரு காலத்தில் ஆசனம் இனப்படியே பிரிக்கப்பட்டது. 1833 சட்ட நிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்றவர்கள், அதாவது அரசாங்க உத்தியோகத்தர் அல்லாதவர்கள், ஆறு பேர்: ஐரோப்பியர் 3, சிங்களவர், தமிழர், பறங்கியர் தலா 1. 1889இல் கண்டிச் சிங்களவருக்கும் சோனகருக்கும் ஒவ்வொன்று கூடியது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு இன வாரித் தெரிவை ஒழித்து, சர்வசன வாக்குரிமையைத் தந்தது. பிறகு சிறு சமூகத்தவர் வெல்ல வழி தொகுதி அமைப்பில்தான் இருந்தது. மூன்று அங்கத்தவர் தொகுதியான மத்திய கொழும்பில் 1947இல் வென்றவர்கள் ஏ. ஈ. குணசிங்க, ரி. பி. ஜாயா, பீற்றர் கெனமன்: ஒரு சிங்களவர், ஒரு மலாயர், ஒரு பறங்கியர்.

இன்று இனத்தைத் தொடும் ஏற்பாடு தேசியப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. கட்சிகள் நாடளாவிய வாக்கின்படி 29 பேரை நியமிக்கையில் சமூகங்களின் தேசிய விகிதத்தைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 99அ உறுப்புரை. ஆனால் ஒருவர் எந்தச் சமூகத்தவர் என்று அத்தாட்சிப்படுத்தும் அமைப்பு நம்மிடம் இல்லை.

சிங்கப்பூரில் இருக்கிறது. 2017 ஜனாதிபதித் தேர்தல் மலாய் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஹலிமா யாக்கோப்பின் தகப்பன் இந்திய முஸ்லிம், தாய் மலாய். அங்குள்ள சட்டம் தன்னை மலாய் சமூகத்தவராகக் கருதி, அந்தச் சமூகமும் பொதுவாக ஏற்றுக்கொண்டவர் எவரோ அவர் மலாய் என்கிறது. குழுவொன்று அதை விசாரித்துச் சான்று கொடுத்தது. நம் நால்வகையில் மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தால் போதும், முதலாவதும் இரண்டாவதும் முடிவு செய்யாது. தகப்பன் வழியைக் கெட்டியாகப் பிடித்த வரைவிலக்கணத்துக்கு உதாரணம் பக்கத்திலேயே உண்டு: ஆங்கிலோ இந்தியர் என்பவர் ஆண் வழியில் ஐரோப்பிய மூதாதை கொண்டவர் என்று இந்திய அரசியலமைப்பு சொல்கிறது. அவர்களுக்கான நியமன ஆசனங்கள் 2020 ஜனவரியோடு முடிந்தன.

சிங்கப்பூர் வழி நேர்த்தியாகத் தெரிந்தாலும் அதை வன்னிக்குக் கொண்டுவர நான் அவசரப்படமாட்டேன். யார் ஆருடைய ஆள் என்று ஒரு குழு சான்று கொடுக்கத் தொடங்கினால், அந்தக் குழுவைப் பிடிப்பதே முதல் தேர்தலாகிவிடும்.

## ஆசனம் கிடைத்த பிறகு

பிரதிநிதித்துவம் என்பதில் இரண்டு கேள்வி அடங்கியிருக்கிறது. சபையில் நம்மைப் போன்ற ஒருவர் இருக்கிறாரா என்பது ஒன்று. நம் காரியத்தை அவர் செய்கிறாரா என்பது மற்றது. கலப்புப் பூர்வீகம் முதலாவதைப் பாதி தரும், இரண்டாவதைத் தானாகத் தராது. இரண்டாவதை அளக்கும் இடங்கள் தெரிந்தவைதான்:

1. மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் எந்தக் கிராமத்தின் காணிப் பிணக்கை எழுப்புகிறார்? வனத் திணைக்கள எல்லைக் கல் பிரச்சினையில் இரு பக்கத்து ஊர்களையும் பேசுகிறாரா?
2. பன்முகப்படுத்தப்பட்ட நிதி, அதாவது ஊர் வேலைகளுக்கு உறுப்பினர் மூலம் ஒதுக்கப்படும் பணம், எந்தக் கிராம அலுவலர் பிரிவுகளுக்குப் போகிறது? பட்டியலைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பெறலாம்.
3. பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டில் அவர் கேட்ட கேள்விகளில் தாய் பக்கத்து ஊர்களின் பெயர் எத்தனை தடவை வருகிறது?

இன்னொரு விடயம் பலர் கவனிக்காதது. ஆசனம் சட்டப்படி கட்சியைச் சார்ந்தது. கட்சி அங்கத்துவம் போனால் ஒரு மாதத்தில் ஆசனமும் போகும். விலக்கப்பட்டவர் அந்த மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். இறந்தோ விலகியோ ஆசனம் வெற்றிடமானால், இடைத்தேர்தல் கிடையாது. அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நின்றவர் வருவார். அவர் எந்தச் சமூகம், எந்த ஊர் என்று சட்டம் பார்ப்பதில்லை. இரண்டு பக்கமும் 8,200 விருப்பு வாக்குச் சேர்த்து வென்றவர் போய், ஓர் ஊர்ப் பக்கத்தின் 7,500ஓடு இரண்டாவதாக நின்றவர் அந்த நாற்காலியில் அமர்வார்.